சொர்ணம் தேய்த்த இடம்

இரண்டு லட்சத்துக்கு விலை பேசி முடித்த துப்பாக்கியில் சொர்ணம் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துவிட்டாள்.

துப்பாக்கியின் சொந்தக்காரர் ராஜேஷ்குமார் பதறிப்போய் எழுந்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் நூறு பேரை மேய்க்கிற மனிதர். மாமனார் வழியாக லைசென்ஸோடு வந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. மாமனார் அதைத் துடைத்துத் துடைத்து பீரோவில் வைத்தாரே தவிர, ஒரு நாளும் சுட்டதில்லை. இப்போது சக்லேஷ்பூர் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் பன்றி விரட்டக் கேட்டிருந்தார். ஒரு மதிப்பீட்டு ரிப்போர்ட் வாங்கிப் போகலாம் என்று ஆடுகோடியில் இருக்கும் இந்தத் துப்பாக்கிக் கடைக்கு வந்தால், கடையில் வேலை செய்கிற பெண் உப்புத்தாளோடு நிற்கிறாள்.

"தேய்ச்சது கட்டைக்கு அடியில சார். திரும்ப மாட்டிட்டா வெளிய தெரியாது" என்றாள் சொர்ணம்.

குழலைத் தாங்கும் மரக்கட்டையைக் கழற்றி, அது மறைத்திருந்த இடத்தில் நகத்தளவுதான் தேய்த்திருந்தாள். அங்கே பஞ்சில் ஆசிட்டைத் தொட்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பளபளத்த இடத்தில் தலைப்பின்னல் போல வரி வரியாக எழுந்து வந்தது.

"டமாஸ்கஸ்" என்றாள்.

ராஜேஷ்குமார் முகம் மலர்ந்தது. டமாஸ்கஸ் என்றால் ராஜா காலத்துச் சரக்கு, நல்ல விலை போகும் என்று எங்கோ படித்திருந்தார். மலர்ந்த முகத்தை வாட வைப்பதில் சொர்ணத்துக்கு ஈடு கிடையாது.

இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி, சுற்றி, அடித்து ஒட்ட வைத்த குழல் இது என்றாள். அந்தக் காலத்துக் கரிமருந்துக்குத் தாங்கியிருக்கும், இன்றைய தோட்டாவைப் போட்டால் ஒட்டு விட்டுப்போய் வெடிக்கலாம். யாரோ கறுப்புப் பூசி வரியை மறைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர் கிடைத்தால் விலை உண்டு, பன்றிக்கு ஆகாது.

தோட்டக்காரருக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு? பேசி முடித்த வியாபாரம் கண்முன்னே கையை விட்டுப் போவதை ராஜேஷ்குமாரால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து லேமினேட் செய்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் போட்டார். ஒன்பது வருடத்துக்கு முன் இதே கடை மாமனாருக்குக் கொடுத்த ரிப்போர்ட். 'சாதாரண எஃகுக் குழல். சுடலாம்.' கீழே சில்வெஸ்டர் என்று கையெழுத்து.

சில்வெஸ்டர் கடையின் பழைய முதலாளி. இப்போது சுவரில் படமாக இருக்கிறார். துப்பாக்கி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொல்லும். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர் மகன் நீல்.

"உங்க அப்பாவுக்குத் தெரியாததா இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்று ராஜேஷ்குமார் நீலைக் கேட்டார்.

நீல் கெட்டவன் இல்லை. இத்தனை வருடமும் முதலாளி பெயரில் போன ரிப்போர்ட்டுகள் அடுத்த மாதத்திலிருந்து சொர்ணம் பெயரிலேயே போகட்டும் என்று சொன்னவன் அவன்தான். அவள் பெயர் போட்ட போர்டு பெயின்டரிடம் காய்ந்துகொண்டிருந்தது. அதை இப்போது நினைவுபடுத்தினான். பழைய ரிப்போர்ட்டில் இருப்பதையே எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை என்றான்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, சொர்ணக்கா."

"வாங்கிட்டுப் போறவர் கை போச்சுன்னா எத அட்ஜஸ்ட் பண்றது, நீலு?"

சோறு போட்ட முதலாளிக்கே குற்றம் கண்டுபிடிக்கிற ஆளை வைத்துக் கடை நடத்துகிறீர்களே, நன்றாக விளங்கும் என்றார் ராஜேஷ்குமார். அது நீலுக்குச் சுருக்கென்று தைத்தது. கடை பெருக்க வந்தவளின் கையில் அரத்தைக் கொடுத்துத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதானே என்று அவனுக்கும் தோன்றியது.

"அப்பா போயி ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள அவரு பேரக் கெடுக்கறியா? அவரு எழுதினதையே எழுது. முடியாதுன்னா நாளையிலருந்து வர வேணாம்."

சொர்ணத்துக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. ரிப்போர்ட் புத்தகத்தை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வர வேணாம்னா வரல. ஆனா இன்னிக்கு இதப் பார்த்தது நானு. பார்த்ததத்தான் எழுதுவேன்."

அடியில் இருந்த கார்பன் காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினாள். எழுதியதை நீல் முன்னால் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நீல் அதைக் கோபமாக எடுத்து, ராஜேஷ்குமாருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தான். "டமாஸ்கஸ் குழல். சுடக்கூடாது. இதற்கு முந்தைய ரிப்போர்ட் தவறு..."

அங்கே நிறுத்தினான். அப்பா படத்தை நிமிர்ந்து பார்த்தான். என்னவோ ஏதோ என்று ராஜேஷ்குமார் எட்டிப் பார்த்து, மீதியைப் படித்தார்.

'அன்று கட்டையைக் கழற்றிப் பார்க்காமல், மேல்பூச்சை நம்பி எஃகு என்று சொன்னவள் நான். சில்வெஸ்டர் சார் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இப்படிக்கு, சொர்ணம்.'