கெசட்டில் கேட்ட வளையல்

“கேட்டீங்களா காக்கா? வளையல்!”

ஸகியா டேப் ரெக்கோடரைத் தன் மூத்த சகோதரன் காலிதீனின் காதருகே தள்ளினாள். கல்முனைச் சந்தையருகே அவன் நடத்தும் தேத்தண்ணிக் கடையின் பின்பக்கத்தில், சீனி மூட்டைகளுக்கு நடுவே இருவரும் குந்தியிருந்தார்கள்.

கடிதத்துக்குப் பதிலாக வந்த கெசட்டில் அவளுடைய கணவன் சரீப் பேசிக்கொண்டிருந்தான். சவூதிக்குப் போய் எட்டு மாதம். பெரிய கொம்பனியில் கணக்கெழுதும் கிளாக்கர் என்று ஊரெல்லாம் பேச்சு. அவன் குரலுக்குப் பின்னால் கிலிங், கிலிங் என்றது. இடையிடையே தண்ணீரும் சலசலத்தது.

“ஆரோ ஒருத்தி குளிக்கிறாள்.”

“மச்சானுக்கு அங்க குடிக்கவே தண்ணி இல்லியாம். இதுல ஒருத்தி குளிக்கிறாளா? மெசின் பழுதாரிக்கும் புள்ள.”

“மெசினப் பாத்திட்டன் காக்கா.”

மூன்று நாளாக அதுதான் அவள் வேலை. கோழிகளை விரட்டி, கடிகாரத்தை நிறுத்தி, வெறும் கெசட்டில் பதிந்து பார்த்தாள். எந்தச் சத்தமும் இல்லை. பிறகு மைக்கின் முன்னால் தன் பொன் காப்பைக் குலுக்கினாள், மந்தமாகக் கேட்டது. கண்ணாடி வளையலைக் குலுக்கினாள். அதே சத்தம்.

“என்னட்ட நாலு வளையல்தான் இரிக்கி. அவளுக்குக் கை நிறைய! இவரு கதைய நிப்பாட்டினாச் சத்தம் கூடுது. அவளப் பாத்துச் சிரிக்கிறாரு போல. கதைக்கத் தொடங்கினாக் குறையிது.”

“சும்மா இரி புள்ள.”

“நாளைக்கே பள்ளிவாசல் மரைக்காயரிட்டச் சொல்லுங்க. எண்ட ஊட்டுக்கு இனி அவரு வரத் தேவல்ல!”

ஆத்திரத்தோடு பொத்தானை அழுத்தினாள். சரீபின் குரல் நின்றது.

வளையல் நிற்கவில்லை.

கிலிங், கிலிங்.

இருவரும் திரும்பினார்கள். அடுப்போரம் கடை வேலையாள் குணம், கைகளை முழங்கை வரை தொட்டித் தண்ணீருக்குள் விட்டு, தேத்தண்ணிக் கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

காலிதீன் டேப் ரெக்கோடரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கதைச்சிக்கிட்டுக் கழுவினா, கை மெதுவாத்தான் போகும் புள்ள.”

ஸகியா குணத்தின் கைகளையே பார்த்தாள். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி, வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன.

“ஆரும் கேட்டா, அவரு கிளாக்கர்தான் காக்கா.”