சர்வாதிகாரியின் மீசை

மதிய வெயில் மாளிகை செட்டின் அட்டைத் தூண்களில் விழுகிறது. ஒரு சர்வாதிகாரியின் கதையை, அவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வெளிநாட்டிலிருந்து வந்த இளம் டீச்சரின் கண்வழியே சொல்லும் படம் இது. டீச்சராக நடிக்கும் பெண் ஜன்னலோரம் நிற்கிறாள். எல்லோரும் காத்திருப்பது துணை நடிகையாக வந்திருக்கும் தையற்கார அம்மாவுக்காக. அவளுக்கு ஒரே வசனம். சர்வாதிகாரியை நேருக்கு நேர் பார்த்து, "என் மகனை விடுங்க" என்று கேட்க வேண்டும். நிஜ வாழ்க்கையில் இப்படியொருவனின் ஆட்சியில் இருபது வருடம் தலைகுனிந்தே வாழ்ந்துவிட்டு வந்தவள் அவள். சீருடையைக் கண்டதுமே பார்வை தரைக்குப் போய்விடுகிறது. ஆறு டேக் வீண். இதுவும் போனால் வசனம் வேறொருத்திக்கு. "முடியலைன்னா வேணாம்மா," என்கிறாள் கூட வந்த மகள். "சும்மா இருடி. உன் அண்ணனைப் பிடிச்சிட்டுப் போன அன்னிக்கு நான் வாயே திறக்கலை. இன்னிக்காவது கேக்கறேன்."

சர்வாதிகாரியாக நடிப்பவன் அருகில் வந்து குனிகிறான். வியர்வையில் மீசையின் ஒரு முனை பிரிந்து ஆடுகிறது. "அக்கா, மேக்கப்காரர் எங்கே போனாரோ, கொஞ்சம் ஒட்டி விடுங்களேன். தும்மல் வேற முட்டுது." "தும்மித் தொலைச்சிடாதீங்க, மீசை எனக்கு வந்துடும். ஆடாம நில்லுங்க தம்பி." கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கிறாள். தும்மலை அடக்கிச் சிவந்த அவன் கண்களில் நீர் கோத்திருக்கிறது. விரலை எடுக்கிறாள், பார்வையை எடுக்கவில்லை. டைரக்டர் ஓசையில்லாமல் காமிராவுக்கு ஜாடை காட்டுகிறார்.

"என் மகனை விடுங்க."

பதில் வசனம் சொல்ல வேண்டியவன் தலைகுனிந்துகொள்கிறான்.