சிவக்காத திரை

ஸ்டான்லியின் நெஞ்சுக்குள் மெஷின் இதயம் வைத்த நாள்முதல், தினமும் காலையில் வீட்டு வைஃபையில் அதன் துடிப்பைக் காட்டும் பக்கத்தைத் திறந்து பார்ப்பது மனைவி பியூலாவின் வேலை. திறந்ததுமே திரை சிவந்து, ‘இது பாதுகாப்பானதல்ல’ என்று கத்தும்.

“நம்ம வீட்டு மெஷினுக்கு, ‘இது நிஜமான பக்கம்தான்’னு வெளிய சாட்சி சொல்ல ஆளில்லக்கா. அதான் கத்துது. ‘பரவாயில்லை’ன்னு அமுக்கிட்டு உள்ள போங்க” என்று டெக்னீஷியன் சொல்லியிருந்தான். வீட்டு நாயின் குரைப்பைப் போல அவளுக்கு அது பழகிவிட்டது.

இன்று திரை சிவக்கவில்லை. பச்சைப் பூட்டோடு பக்கம் பளிச்சென்று திறந்தது. சந்தோஷமாக டெக்னீஷியனுக்கு போன் போட்டாள்.

“ஒருவழியா சரி பண்ணிட்டீங்க போல, தம்பி!”

மறுமுனையில் அவன் பதறினான்.

“நாங்க ஒண்ணும் பண்ணலியேக்கா. சாட்சியோட வந்திருக்குன்னா அது நம்ம மெஷினோட பக்கமே இல்ல. நடுவுல எவனோ உட்கார்ந்து பொய்ப் பக்கத்தக் காட்டுறான். மொதல்ல அண்ணன் கையப் பிடிச்சு நாடியப் பாருங்க!”

திரையில் துடிப்பு எழுபத்திரண்டு என்று சாதுவாக நின்றது. அவள் ஓடிப்போய், காபி குடித்துக்கொண்டிருந்த ஸ்டான்லியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்னட்டி, காலங்காத்தாலயே கையப் புடிக்கே?” என்று அவர் சிரித்தார்.

அவள் விரலுக்கடியில் ஒரு துடிப்பு வந்தது. அடுத்த துடிப்புக்குக் காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள்.