துப்புக் கெட்ட கேள்விகள்

"சமையல்காரன் சீட்டு எனக்கு வந்திருக்கே, அப்ப நான்தான் கொலைகாரனா?"

நாத்தனார் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொலைகாரனைக் கண்டுபிடிக்கறதுதான் ஆட்டமே, அக்கா! உங்க கையில இருக்கறவன் கொலை செய்யலைன்னு அர்த்தம். எத்தனை தடவை சொல்றது?"

"சரி, கத்தாதே. பகடை மேசைக்குக் கீழே விழுந்துடுச்சு. குனிஞ்சு பார்த்தா ஆறு. செல்லுமா?"

"செல்லாது! மறுபடி உருட்டுங்க!"

"அதை எங்கேயும் எழுதலையே?"

சுற்றி உட்கார்ந்திருந்த சிநேகிதிகள் விதியெல்லாம் புரிந்ததாகத் தலையாட்டினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விதித்தாளில் அதையும் எழுதினாள்.

ஊரே பார்க்கும் டிவி தொடரை மேசை விளையாட்டாக மாற்றித் தரும் வேலை. அவள் உருவாக்கிய முதல் விளையாட்டு மண்ணைக் கவ்வியிருந்தது. விதி புரியாமல் வாங்கியவர்கள் பெட்டியை மூடிப் பரணில் போட்டுவிட்டார்கள். இதுவும் ஊற்றிக்கொண்டால், கம்பெனி இனி அவளை வாசற்படி ஏற்றாது.

இந்த லட்சணத்தில், ஆடிப் பார்க்க உட்காரும்போதெல்லாம் அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் ஆஜர்!

"உங்க அக்கா வேணும்னே என் உயிரை எடுக்கறாங்க," என்று கணவனிடம் பொரிந்தாள். "செத்துப்போன முதலாளிக்கும் ஒரு தடவை உருட்டணுமான்னு கேட்கறாங்க! நான் முன்னுக்கு வந்தா அவங்களுக்கு ஆகாது."

"அவளுக்குப் புரியறது அவ்வளவுதான், விடேன்."

"நாளைக்குக் கம்பெனியில ஆடிப் பார்க்கறாங்க. அந்தப் பக்கம் அவங்க தலையே தெரியக் கூடாது!"

மறுநாள் கம்பெனியில் முன்பின் தெரியாத நான்கு பேர் கையில் விதித்தாளைக் கொடுத்தார்கள். விளையாட்டைச் செய்தவள் வாய் திறக்கக் கூடாது. அதுதான் அங்கே முறை. அவள் நகத்தைக் கடித்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

பகடை உருண்டு கீழே விழுந்தது. ஒருவர் தாளைப் பார்த்தார். "இது செல்லாதாம்," என்று மறுபடி உருட்டினார். கடைசிவரை ஆட்டம் எங்கேயும் முட்டி நிற்கவில்லை.

"எங்களுக்கு என்னென்ன சந்தேகம் வரும்னு முன்னாடியே தெரிஞ்சு எழுதினாப்பல இருக்கும்மா," என்றார் மேலாளர். "அச்சுக்கு அனுப்பிடலாம்."

ஜெயித்ததை நாத்தனாரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று நேராக அவள் வீட்டுக்குப் போனாள்.

உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் நடுவில், இவள் ஆடிப் பார்க்கச் செய்து கழித்துப் போட்ட பெட்டி விரிந்து கிடந்தது. விதித்தாள் இல்லாமலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"தோட்டக்காரன் உன்கிட்ட, சமையல்காரன் இவகிட்ட. நர்ஸ் என் கையில. அப்ப டிரைவர்தான் கொலைகாரன். ஆட்டம் முடிஞ்சது, சீட்டைக் கலை!" என்றாள் நாத்தனார்.

"அக்கா! இவ்வளவும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்கிட்ட அப்படிக் கேட்டீங்க?"

நாத்தனார் கையும் களவுமாக மாட்டியவள் போல விழித்தாள்.

"பின்னே? உன் கோபத்துக்குப் பயந்து அத்தனை பேரும் புரிஞ்ச மாதிரி தலையாட்டினாங்க. உன்கிட்ட திட்டு வாங்கறதுக்கு வீட்டு ஆள் ஒருத்தராவது வேணாமா?"