விரட்டும் மஞ்சள் மீன்

"ஏங்க, இங்குட்டு வாங்க! இன்னைக்கும் வாலைக் கிழிச்சிருச்சு!"

சரஸ்வதியின் அலறலுக்குச் சொக்கலிங்கம் ஓடி வந்தான். ஊருக்குப் போன பேங்க் மேனேஜர் தன் மீன்தொட்டியைக் கிளார்க்கான இவனிடம் விட்டுப் போயிருந்தார். அவர் செல்லமாய்க் கொஞ்சும் நீல சிக்லிட் மீன் வால் கிழிந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. மற்ற மீன்களும் அதன் பின்னால் பதுங்கியிருந்தன. நீலத்தில் பாதி அளவே இருந்த சின்ன சிக்லிட், முந்தாநாள்வரை சாம்பல் நிறமாய்ச் சாதுவாய்த் திரிந்தது, இப்போது மஞ்சளாய் மாறி எல்லாவற்றையும் விரட்டியது.

"பேய் புடிச்சிருக்குங்க. நீலம் செத்துப்போனா மேனேஜர் உங்களைச் சும்மா விடுவாரா?"

"பெருசு சிறுசுக்குப் பயப்படுறது நம்ம வீட்டுலயும் உள்ளதுதேன்" என்றான்.

டீ வடிகட்டியால் மஞ்சள் மீனை அள்ளிச் சொம்புத் தண்ணீரில் விட்டான்.

நீல மீன் மெல்ல நீந்தி, தொட்டிக்குள் கவிழ்த்திருந்த தேங்காய்ச் சிரட்டையின் ஓட்டை வழியே உள்ளே நுழைந்தது.

"பாவம், இப்பத்தேன் நிம்மதியா வீட்டுக்குப் போகுது" என்றாள் சரஸ்வதி.

உள்ளே போன மீன் அண்ணாந்து எதையோ கொத்தியது. சொக்கலிங்கம் சிரட்டையை மெதுவாய்ச் சாய்த்துப் பார்த்தான். அதன் உட்கூரையில் கடுகளவு சிவப்பு முட்டைகள் ஒட்டியிருந்தன. ஓர் ஓரம் ஏற்கெனவே காலியாகியிருந்தது.

சரஸ்வதி சொம்பைப் பிடுங்கி, மஞ்சள் மீனைத் தொட்டியில் விட்டாள்.

"என்னைய மன்னிச்சிரு தாயி! ஏங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீகளே, அந்த நீல அப்பனைப் புடிச்சுச் சொம்புல போடுங்க!"