கழற்றிய சாமான்

அப்பா இறந்த மறுவாரமே அவருடைய சின்னக் காரை அண்ணன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மெக்கானிக் தம்பிக்கு மிஞ்சியது, வருஷா வருஷம் அதற்கு ஓசியில் சர்வீஸ் பண்ணும் பாக்கியம்தான்.

"எதை வேணா மாத்து. பளபளன்னு இருக்கணும்" என்பான் அண்ணன்.

ஹாரனில் தொடங்கி கதவு, எஞ்சின், சேசிஸ் வரை வருஷத்துக்கு ஒன்றாக வேறு பாகம் மாட்டியதும், கழற்றியதைத் துடைத்து முன்னால் வைப்பான் தம்பி. பட்டறை வழக்கம் அது.

"பழசை எடுத்துட்டுப் போண்ணே."

"அந்தக் குப்பை எனக்கெதுக்கு? நீயே வெச்சுக்கோ. உனக்கு அதுதான் லாயக்கு!"

பட்டறையே பார்க்க அண்ணன் சிரிப்பான். தம்பியும் சிரித்து வைப்பான்.

பன்னிரண்டாம் வருஷம், பழைய கார் கண்காட்சி.

"எங்கப்பா வாங்கினது சார். அறுபது வருஷ வண்டி. அத்தனையும் ஒரிஜினல்!" அப்பாவின் பதிவுப் புத்தகத்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு மீசையை முறுக்கினான் அண்ணன்.

நடுவர் எஞ்சின் நம்பரைப் பார்த்தார். குனிந்து சேசிஸ் நம்பரைப் பார்த்தார். கதவைத் தட்டினார்.

"எந்த நம்பரும் ஒத்துவரலையே. ஹாரன்கூட வேற. எடுங்க வண்டியை!"

கூட்டம் சிரித்தது. அப்போது இன்னொரு சின்னக் கார் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. தம்பி இறங்கினான்.

நடுவர் அதே புத்தகத்தை வைத்துப் பார்த்தார். எல்லா நம்பரும் அச்சாகப் பொருந்தின.

"ஏதுடா இது?" அண்ணன் ஓடிவந்தான்.

"குப்பைண்ணே. பன்னிரண்டு வருஷமா நீ வெச்சுக்கச் சொன்னதை எல்லாம் ஒண்ணா மாட்டினேன். எனக்கு அதுதான் லாயக்குன்னு நீதானே சொன்னே?"