உள்பக்கம் திறக்கும் கேட்

கேட்டுக்கும் அவனுக்கும் நடுவில் அவன் மனைவி இருந்தாள்.

இரண்டு கைகளையும் கேட்டுக் கம்பியில் ஊன்றி, முதுகை வளைத்து நின்றான். அவள் மூச்சு விட ஒரு சாண் இடம். அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

முதுகில் ஊரே இருந்தது.

காளியம்மன் கோயில் பொட்டலில் பங்குனிப் பொங்கல் வாணவேடிக்கை. இருட்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சாய்வாகப் போன ஒரு வாணம் மேற்கு வாசல் பந்தலில் விழுந்தது. ஓலை பிடித்துக்கொண்டது. மேற்கே நின்றவர்கள் எல்லோரும் கிழக்கே ஓடிவந்தார்கள்.

சுற்றுச்சுவரில் கிழக்கே இருந்தது இந்த ஒரு கேட்தான்.

அவள் கூட்டத்துக்குப் பயப்படுகிறவள். கேட் பக்கத்தில் நின்றால் முதல் ஆளாக வெளியே போய்விடலாம் என்று சொல்லி அவன்தான் கூட்டி வந்தான்.

வேடிக்கை நிற்கவில்லை. நிறுத்தவும் முடியாது. ஒரு வாணத்தின் திரியை அடுத்ததோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வானத்தில் பச்சை பூத்தது. சிவப்பு பூத்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வெளியே ஒரு போலீஸ்காரர் நின்றார். பூட்டைத் திறந்துவிட்டார். சங்கிலியையும் உருவிவிட்டார். கேட் திறக்கவில்லை.

உள்பக்கம் திறக்கிற கேட், பின்னால் போங்கள், பின்னால் போங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் போவதற்கு யாருக்கும் கால் தரையில் இல்லை.

உள்பக்கம் திறக்கிற கேட்.

அவனுக்குத் தெரியாதா? அப்படி மாற்றியதே அவன்தான்.

போன வாரம் வரை அது வெளிப்பக்கம் திறந்தது. இந்த வருஷம் வெளியே சுவரை ஒட்டித் திருவிழாக் கடைகள் போட்டார்கள். கேட்டைத் திறந்தால் வளையல் கடையில் இடிக்கும். விழாக் கமிட்டித் தலைவர் அவன் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். கூட்டம் கூடுகிற இடம், வெளியேதான் திறக்க வேண்டும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். ஒரு தடவைதான் சொன்னான். நீ வெல்டரா, இன்ஜினியரா என்று தலைவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.



பெரிய வேலை இல்லை. கேட் வெளியே வராமல் மறிக்க, தூணில் ஓர் இரும்புப் பட்டை. அவ்வளவுதான்.

அந்தப் பட்டை இப்போது அவன் கண்ணுக்கு நேரே இருந்தது. எட்டித் தொடலாம். கையை எடுத்தால் அவள் நசுங்கிவிடுவாள்.

முழங்கை மடங்கத் தொடங்கியது. ஒரு சாண் இடம் நாலு விரல் ஆயிற்று. அவள் கன்னம் கம்பியில் பதிந்தது. இடப்பக்கம் ஒரு கிழவருக்கு நின்றபடியே தலை தொங்கிவிட்டது. விழக்கூட இடமில்லை.

இவள் செத்துப்போவாள் என்று நினைத்தான். என் கேட்டிலேயே செத்துப்போவாள்.

அவள் உதடு அசைந்தது. குனிந்து காது கொடுத்தான்.

"அன்னைக்குக் கரண்ட் போயிருச்சுன்னு ரெண்டு பொட்டுதான வச்சீக?"

ஆமாம்.

மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு வெல்டிங். அதற்குள் கரண்ட் போய்விட்டது. மறுநாள் வந்து முழுக்க ஒட்டிக்கொள்ளலாம் என்று சில்வர் பெயிண்ட் அடித்து மூடினான். வேலை முடிந்தது என்று தலைவரிடம் சொல்லியும் விட்டான். மறுநாள் போகவில்லை. உண்மை தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். போய் முடித்துவிட்டு வாருங்கள் என்று தினமும் நச்சரித்தாள். தினமும் நாளைக்கு என்றான்.

ஒரு வாரமாக நெஞ்சில் பயம். யாராவது சாய்ந்து பட்டை கழன்றால் தொழிலே போய்விடும். இந்த ஊரில் ஒருவரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

கழலவில்லை. ஊரே சாய்ந்தும் கழலவில்லை.

போலீஸ்காரருக்குப் பின்னால் தலைவர் நின்றார். பட்டு வேட்டி, மார்பெல்லாம் சந்தனம். இப்போது வாயைத் திறந்தால் அவருக்குக் கேட்கும். முதுகில் இருக்கிற ஊருக்கும் கேட்கும்.

ஒரு வாணம் அணைந்து அடுத்தது கிளம்பும் முன் கொஞ்சம் நிசப்தம் விழும். அதற்காகக் காத்திருந்தான்.

விழுந்தது.

"சார், அந்தப் பட்டை வெறும் ரெண்டு பொட்டுலதான் நிக்கிது. நாந்தான் ஏமாத்துனேன். கடப்பாரைய விட்டு நெம்புங்க."

தலைவர் அவனைப் பார்த்தார்.

கடப்பாரையை எடுத்து நீட்டியவர் வளையல் கடைக்காரர். கடைக்குக் கால் ஊன்றக் கொண்டுவந்தது. கேட் திறந்தால் எங்கே வந்து இடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

போலீஸ்காரர் நெம்ப, மேல் பொட்டு சட்டென்று தெறித்தது. கீழ்ப் பொட்டு பிடிவாதம் செய்தது. அவன் நல்ல வேலைக்காரன்.

பிறகு கேட் போனது. வளையல் கடைமேலேயே போனது. கண்ணாடி நொறுங்கியது. அதன்மேல் நடந்துதான் எல்லோரும் வெளியே வந்தார்கள். செருப்பைத் தொலைத்தவர்களும் நடந்தார்கள்.

சுவரோரம் அவளை உட்கார வைத்தான். இருமினாள். மறுபடியும் இருமினாள். அந்தச் சத்தம் அவனுக்குப் போதுமாக இருந்தது. பக்கத்தில் கிழவருக்கு யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்தார்.

தலைவர் வந்தார். கையில் அந்தப் பட்டை. இரண்டு பொட்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"காலையில வந்து ஒழுங்கா ஒட்டிரு. நாளைக்கும் வேடிக்கை இருக்கு."

பட்டையை நீட்டினார். பழக்கம், அவன் கையும் நீண்டது.

அதற்குள் அவள் வாங்கிவிட்டாள். மடியில் வைத்து, முந்தானையை மேலே போட்டு, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கன்னத்தில் கம்பியின் தடம் சிவப்பாக இருந்தது. தலைவர் நின்று பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை.